அந்த பாட்டில் உன் கையிலிருந்து விழவில்லை



சாத்தனூர் கல்மரத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "சார், அடுத்து என்ன?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த முறை கண்ணாடி. பதிவு கொஞ்சம் நீளம். மதியம் சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள். வரலாறு சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. பழைய கணக்கு ஒன்றை நேர் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாமல் கடைசிவரை வாருங்கள்.

போன ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நம்ம மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆடி வெள்ளி என்றால் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வரிசையில் நின்றபோது ஒரு பெண்மணி, "சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உடனே வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு. அதற்குப் பிறகு பெயர் சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று.

அவர் இப்போது திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். பேரன் எடுத்துவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நான் கை தவறிப் போட்டுட்டேன்ல சார். வீட்ல ரொம்ப நாளைக்கு என்னைக் 'கை நிக்காதவ'ன்னுதான் சொல்லுவாங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசுல கூட டியூபை ரெண்டு கையாலயும்தான் புடிப்பேன்."

அதற்குள் தீபாராதனை மணி அடித்தது. கூட்டம் தள்ளியது. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். 1988. ஏழாம் வகுப்பு. திரவங்கள் வெப்பத்தால் விரிவடையும் என்று காட்டும் சோதனை. குடுவையில் சாயத் தண்ணீர் ஊற்றி, ரப்பர் தக்கையில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, சாராய விளக்கில் காட்டினால் குழாயில் தண்ணீர் ஏறும். பள்ளி அறிவியல் பெட்டியில் இருந்த வெப்பம் தாங்கும் குடுவை முந்தைய வருடமே உடைந்துவிட்டது. புதிது வாங்க நான் எழுதிக் கேட்கவில்லை. கைக்காசு போட்டு வாங்கவும் இல்லை. வீட்டிலிருந்த ஒரு டானிக் பாட்டிலைக் கழுவி எடுத்துப் போனேன். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்ன விஷயம், சாதாரணக் கண்ணாடியைத் தீயில் காட்டாதே என்பது. தெரிந்தேதான் செய்தேன்.

சோதனை நன்றாகவே நடந்தது. தண்ணீர் ஏறியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு பாட்டிலைத் துணியால் பிடித்து ஜன்னல் திண்டில் வைக்கும்படி அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். இரவு பெய்த மழையில் திண்டு ஈரமாக இருந்தது. அவள் பக்குவமாகத்தான் வைத்தாள். வைத்த மறுகணம் 'டப்' என்று அடிப்பாகம் விட்டுக்கொண்டது. சாய்ந்த பாட்டிலைத் தாங்கப் போனவளின் கையில் சில்லு ஏறியது. வெந்நீரும் பட்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மூன்று தையல்.

தலைமையாசிரியர் கேட்டபோது, "புள்ள கை தவறிப் போட்டுருச்சு சார்" என்றேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். டானிக் பாட்டில் எப்படி வந்தது என்று ஆய்வுக்கு வருகிறவர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். மறுநாள் அவள் அப்பா வந்தார், கூலி வேலை செய்பவர். "மன்னிச்சுக்குங்க சார், இனிமே ஜாக்கிரதையா இருக்கச் சொல்றேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். அந்த பாட்டில் ஏன் உடைந்தது என்று முறையாகச் சொல்லிவிட்டால்தான் அவள் கை நிரபராதி என்பது நிரூபணமாகும்.

கண்ணாடி செய்ய என்ன வேண்டும்? மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல். வெறும் மணலை உருக்கச் சுமார் 1700 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. சோடா சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும். ஆனால் அப்படிச் செய்த கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு. நம் அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் தோண்டி எடுப்பதும் சுண்ணாம்புக்கல்தான். இந்த மண் ஒரு காலத்தில் கடலாக இருந்ததன் மிச்சம் அது. ஜன்னல், பாட்டில், வளையல் என்று நாம் பார்க்கும் கண்ணாடியில் பெரும்பகுதி இந்த மூன்றின் கலவைதான்.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, ஆறவைத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்குவது அவர்கள் முறை. இந்த வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது ரோமானியப் பானை ஓடுகள்தான் பெரிதாகப் பேசப்பட்டன. மணிக்காரர்களின் பெருமை பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலிலும் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன.

மணிக்குச் சூடு தாங்கும் வேலை இல்லை. விளக்குக்கு உண்டு. உங்களில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு அரிக்கேன் விளக்கு நினைவிருக்கும். எரிகிற சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், விரிசல் விட்டுவிடும். தேர் வரும்போது பெட்ரோமாக்ஸ் தூக்குகிறவர்கள் தூறலைக் கண்டால் ஓடுவதும் அதனால்தான்.

காரணம் எளிது. சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். கண்ணாடி வெப்பத்தை வேகமாகக் கடத்தாது. எனவே ஒரு பக்கம் குளிர்ந்து சுருங்கும்போது மறுபக்கம் சூடாகவே இருக்கும். சுருங்குகிற பக்கத்தை மற்றது இழுத்துப் பிடிக்கும். கண்ணாடியை அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்றிலிருந்து பிளவு கிளம்பி ஒரே நொடியில் ஓடிவிடும். தடிமனான பாட்டிலில் இந்த இழுபறி இன்னும் அதிகம். ஈரத் திண்டில் வைத்த என் டானிக் பாட்டிலுக்கு நடந்தது இதுதான். அதை யார் வைத்திருந்தாலும், நானே வைத்திருந்தாலும் உடைந்திருக்கும்.

எவ்வளவு விரியும்? ஒரு மீட்டர் நீளச் சாதாரணக் கண்ணாடிக் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். இந்த ஒரு எண்ணைக் குறைப்பதற்காக மனிதர்கள் பட்ட பாடுதான் நான் சொல்லப்போகும் கதை.

ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் என்பவர் 1851-ல் பிறந்தார். ஜன்னல் கண்ணாடி செய்கிற வீட்டுப் பிள்ளை. அதுவரை கண்ணாடித் தொழில் கைப்பக்குவத்தில் ஓடியது. அப்பா செய்ததை மகன் செய்வான், ஏன் என்று கேட்கமாட்டான். இவர் கேட்டார். மணலோடு வேறு வேறு பொருள்களைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் குறித்துவைத்தார். 1879-ல் தாம் செய்த ஒரு புதுக் கண்ணாடித் துண்டை யெனா நகரத்துப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் அபேவுக்கு அனுப்பினார். அபே, நுண்ணோக்கி செய்கிற கார்ல் ஜைஸின் கூட்டாளி. நல்ல லென்சுக்கு ஏற்ற கண்ணாடி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். 1884-ல் ஷாட், அபே, ஜைஸும் அவர் மகனும் சேர்ந்து யெனாவில் கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். 'சிறப்புக் கண்ணாடி' என்று இன்று உலகம் சொல்லும் தொழிலின் பிறந்த வீடு அது.

அங்கே பிறந்ததுதான் போரோசிலிகேட். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். நம் ஊர் ஆசாரிகள் நகைக்குப் பற்று வைக்கும்போது வெங்காரம் தூவுவார்களே, அதில் இருக்கும் போரான்தான் இதில் சேர்க்கிறார்கள். இந்தக் கண்ணாடிக் கம்பி ஒரு மீட்டர், அதே 100 டிகிரிக்குச் சுமார் 0.33 மில்லிமீட்டர்தான் நீளும். மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. விளக்குச் சிம்னிக்கும் வெப்பமானிக்கும் ஆய்வுக்கூடக் குடுவைக்கும் வழி பிறந்தது.

அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்துக்கு இந்த எண்ணம் ரயில்வே வழியாக வந்தது. சிக்னல் விளக்கின் சூடான கண்ணாடி மழையிலும் பனியிலும் வெடித்தால் ரயில் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? அதற்காக வெடிக்காத கண்ணாடி செய்தார்கள். 1913-ல் அங்கே வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன், அந்த வகைக் கண்ணாடியாலான மின்கல ஜாடி ஒன்றின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். கேக் வெந்தது, கண்ணாடி உடையவில்லை. 1915-ல் 'பைரெக்ஸ்' கடைக்கு வந்தது. பெரிய ஆய்வுக்கூடத்தின் முடிவைச் சமையலறை உறுதி செய்த கதை என்பதால் என் வீட்டம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

சரி, நம் நாட்டில்? சுதேசி இயக்கக் காலத்தில் மக்களிடம் காசு காசாகத் திரட்டிய 'பைசா நிதி'யில், திலகரின் ஆதரவோடு, 1908-ல் புனே அருகே தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார்கள். பாட்டிலும் சிம்னியும் உள்நாட்டிலேயே செய்யலாம் என்று காட்டிய முயற்சி அது.

லென்சுக்கான ஒளியியல் கண்ணாடி வேறு ஜாதி. அதற்குள் ஒரு குமிழி, ஒரு நூல் போன்ற கோடு இருந்தாலும் பிம்பம் கெட்டுப்போகும். முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டனே தனக்கு வேண்டியதில் சுமார் 60 சதவீதத்தை ஜெர்மனியிலிருந்தும் 30 சதவீதத்தைப் பிரான்சிலிருந்தும் வாங்கியது. 1914-ல் போர் வந்தவுடன், யாரோடு சண்டையோ அவர்களிடமிருந்துதான் பைனாகுலர் லென்ஸ் வரவேண்டும் என்கிற நிலை. அவர்கள் கதையே அப்படி என்றால், அவர்கள் ஆண்ட நம் நாட்டைக் கேட்கவேண்டுமா? நிலம் அளக்கும் கருவி, நுண்ணோக்கி, ராணுவத் தொலைநோக்கி எல்லாவற்றின் கண்ணும் வெளியூர்க் கண்தான்.

இங்கே ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஆத்மாராம். 1908-ல் உத்தரப்பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர், வேதியியல் படித்தவர். கொல்கத்தா யாதவ்பூரில் 1950-ல் திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1952 முதல் 1966 வரை இயக்குநர். ஒளியியல் கண்ணாடியின் செய்முறையை எந்த நாடும் எளிதில் வெளியே விடுவதில்லை. இவரும் இவர் குழுவினரும் இங்கேயே கண்டுபிடித்துக்கொள்ளத் துணிந்தார்கள்.

அந்த வேலையைச் சமையல் மாதிரி யோசித்துப் பாருங்கள். மணலில் துளி இரும்பு இருந்தாலும் கண்ணாடி பச்சையடிக்கும். எனவே மணல் முதலில் சுத்தம். உருக்குகிற மண் பானையையே உருகிய கண்ணாடி அரித்துத் தின்னும். அந்த மண் கலந்தால் எல்லாம் வீண். எனவே பானைக்குத் தனி ஆராய்ச்சி. உருகியதை விடாமல் கிளறவேண்டும், கிளறுகிற கோலும் கரையக்கூடாது. கடைசியில் நாள் கணக்கில் மெல்ல மெல்லக் குளிரவைக்கவேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். என் டானிக் பாட்டில் அந்த அவசரத்தின் பிள்ளை. இவ்வளவும் செய்து பானையை உடைத்து எடுத்தால் அதில் லென்சுக்குத் தேறுவது ஒரு பகுதிதான். 1960களின் தொடக்கத்தில் யாதவ்பூரில் ஒளியியல் கண்ணாடி உற்பத்தி நடந்தது. உலகில் அதைச் செய்யத் தெரிந்த நாடுகளை அப்போது கைவிட்டு எண்ணிவிடலாம். ஆத்மாராமுக்கு 1959-ல் பட்நாகர் விருதும் பத்மஸ்ரீயும் கிடைத்தன. அறிவியலைத் தாய்மொழியில் சொல்லவேண்டும் என்பதில் பிடிவாதமானவர். இந்தியில் அறிவியல் எழுதுகிறவர்களுக்கு இன்றும் அவர் பெயரில் விருது கொடுக்கிறார்கள். ஒரு தமிழ்வழி வாத்தியாராக நான் அவருக்கு இன்னொரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

1953-ல் கார்னிங்கில் நடந்த ஒரு விபத்தையும் சொல்லவேண்டும். டொனால்ட் ஸ்டூக்கி என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கண்ணாடித் தகட்டை 600 டிகிரியில் சூடாக்க உலையில் வைத்தார். கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி உலை 900 டிகிரிக்குப் போய்விட்டது. தகடு உருகி உலையே பாழாகியிருக்கும் என்று திறந்தால், தகடு உருகாமல் வெள்ளையாக இருந்தது. இடுக்கியால் எடுக்கும்போது நழுவிக் கீழே விழுந்தது. உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் வளர்ந்து அது வேறு பொருளாகியிருந்தது. 'கண்ணாடிப் பீங்கான்' பிறந்தது அன்றுதான்.

இதை நான் பல வருடம் வகுப்பில் 'அதிர்ஷ்டம்' என்று சொல்லிவந்தேன். இப்போது வேறு மாதிரி படுகிறது. உலை கெட்டதும் தகடு கை நழுவியதும் அவருக்கு நடந்த தவறுகள். இரண்டையும் மறைக்காமல் நடந்தது நடந்தபடி சொன்னார். அதனால்தான் அது கண்டுபிடிப்பு ஆயிற்று. அதே இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

இந்தக் கண்ணாடிப் பீங்கான் வகையில், ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 1968-ல் 'ஜெரோடூர்' என்ற ஒன்றை உருவாக்கியது. அதற்குள் இருக்கும் படிகங்கள் சூட்டில் சுருங்கும். சுற்றியுள்ள கண்ணாடி சூட்டில் விரியும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு மீட்டர்க் கம்பி 100 டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட நீள்வது அபூர்வம். 0.9-லிருந்து 0.33, அங்கிருந்து ஏறக்குறைய பூஜ்யம்.

இது யாருக்கு வேண்டும்? வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு. பெரிய தொலைநோக்கியின் உயிர் அதன் குழிக் கண்ணாடி. அதன் மேற்பரப்பு தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக இருக்கவேண்டும். பகலில் சூடு, இரவில் குளிர் என்று கண்ணாடி விரிந்து சுருங்கினால் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது, பூசினாற்போலத் தெரியும்.

அந்த ஜெரோடூர் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில், காவலூரில். வேணு பாப்பு என்ற வானியலாளர் தேர்ந்தெடுத்த இடம் அது. 1972-ல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி ஒன்று வைத்தார்கள். 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையம் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தபோது, அந்தக் கண்டுபிடிப்பில் காவலூருக்கும் பங்கு உண்டு. பிறகு பாப்பு, இதைவிடப் பெரியதை நாமே கட்டவேண்டும் என்றார். 2.34 மீட்டர் விட்டம். ஜெரோடூர்க் கட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைக் குழிவாக அரைத்து மெருகேற்றியது பெங்களூருவில் நம்மவர்கள். வருடக்கணக்கில் தேய்த்தார்கள். தேய்ப்பது, அளப்பது, மறுபடி தேய்ப்பது. தாங்கும் இரும்புக் கட்டமைப்பை வால்சந்த்நகரில் செய்தார்கள். பாப்பு 1982-ல் காலமாகிவிட்டார். முடிந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1986 ஜனவரியில் அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் வீட்டம்மாவும் காவலூர் போய் வந்தோம். அங்கே ஒரு விஷயம் மனதில் தட்டியது. ஒரு மீட்டர் தொலைநோக்கி யெனா நகரத்து ஜைஸ் செய்தது, அதாவது கிழக்கு ஜெர்மனி. பெரிய தொலைநோக்கியின் கட்டி ஷாட் செய்தது. 1945-ல் போர் முடிந்ததும் அமெரிக்கப் படை யெனாவின் கண்ணாடி வல்லுநர்களை மேற்கே அழைத்துப் போய்விட்டது. அவர்கள் பிறகு மைன்ஸ் நகரில் புது ஆலை கட்டினார்கள். ஷாட்டும் அபேயும் ஒன்றாகத் தொடங்கிய தொழில் நடுவே சுவர் விழுந்து இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த இரண்டும் ஜவ்வாது மலைக் காட்டில் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி குலதெய்வக் கோயிலில் சந்தித்துக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இந்தப் பதிவைப் படிப்பதே கண்ணாடி வழியாகத்தான். 1970-ல் கார்னிங்கில் மூன்று பேர் செய்துகாட்டிய மெல்லிய கண்ணாடி இழையின் வாரிசுகள்தான் இன்று கடலுக்கடியில் ஓடுகின்றன. கொரோனா தடுப்பூசி வந்த சின்னக் குப்பி போரோசிலிகேட். மருந்தோடு சேர்ந்து கரையாது, உறைகுளிரிலும் தாங்கும். உங்கள் கைப்பேசித் திரையை உருகிய பொட்டாசியம் உப்பில் முக்குகிறார்கள். கண்ணாடியிலிருந்து சோடியம் இறங்கி, அதைவிடப் பருமனான பொட்டாசியம் ஏறிக்கொள்ளும். ஒல்லியானவர்கள் எழுந்த சீட்டில் குண்டானவர்கள் உட்கார்ந்தால் எப்படி நெருக்கும்? அப்படி மேற்பரப்பு முழுக்க நெருக்கம். எந்தக் கீறலும் எளிதில் வாய் திறக்காது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் தட்டைக் கண்ணாடி ஆலை ஓடுகிறது. பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் கைப்பேசித் திரைக் கண்ணாடிக்கு ஆலை அமைக்க 2024 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே வேலை செய்யும் மாணவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

இனி அந்தக் கணக்கு.

கோயிலில் பார்த்து இரண்டு வாரம் கழித்து, அவர் நம்பரை வாங்கிப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். டானிக் பாட்டில், ஈரத் திண்டு, பதிவேட்டில் எழுதியது, அவர் அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டது, எல்லாம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சார், எங்கப்பா போன மாசிதான் தவறினாரு" என்றார். அடுத்து, "அப்பவே சொல்லிருக்கலாம்ல சார்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெயர் போடாமல் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். எங்க அண்ணன்லாம் படிப்பாங்க" என்றார்.

எனவே, அவருடைய அண்ணன்மார்களுக்கும், அன்று அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கும், உங்களில் இப்போது ஆசிரியராக இருக்கும் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கும் எழுதுகிறேன். 1988-ல் நம் பள்ளியில் உடைந்த பாட்டில் யார் கையிலிருந்தும் விழவில்லை. அது தீயில் வைக்கக்கூடாத கண்ணாடி. வைத்தவன் நான். அந்தப் பிள்ளை வைக்கச் சொன்ன இடத்தில் சரியாக வைத்தது. பதிவேட்டில் இருப்பது பொய்.

ஆசிரியர்களாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பள்ளிக்கு நல்ல குடுவை கேட்டு எழுதுங்கள். வராவிட்டால் அந்தச் சோதனையைப் படம் போட்டு நடத்துங்கள். அதையும் மீறி ஏதாவது உடைந்தால், உடைந்தது உடைந்தபடி எழுதுங்கள்.

அந்தப் பெண் தினமும் நூறு கண்ணாடிக் குழாய்களுக்கு மேல் கையாள்கிறாராம். இருபத்து மூன்று வருடத்தில் ஒன்றுகூடக் கீழே போட்டதில்லை என்று போனில் சொன்னார்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
சிறுவாச்சூர்.